ஐயோ, அந்தக் கறுப்புத் தாள்!

முதலில் கையைக் கழுவிவிட்டு வாருங்கள். சும்மா தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்தால் ஆகாது. சோப்புப் போட்டு, எண்ணெய்ப் பிசுக்கு போக, ஈரம் பொட்டுக்கூட இல்லாமல் துடைத்துக்கொண்டு வரவேண்டும். ஆச்சா? அந்த டீ டம்ளரை அப்படித் தள்ளி வையுங்கள். இன்னும் கொஞ்சம். ம், சரி. இப்போது புத்தகத்தை மடியில் வாங்கிக்கொள்ளுங்கள். திறக்கக் கூடாது, பொறுங்கள்! அட்டைமேல் விரலை மட்டும் ஓட்டுங்கள். சொரசொரவென்று ஒரு தாள், அதன்மேல் மேடு தட்டி நிற்கிற மை, விரல் நுனிக்குத் தெரிகிறதா? கண்ணை மூடிக்கொண்டே இது கிளை, இது இலை என்று தடவிச் சொல்லலாம். இனி மெல்லத் திறந்து, படத்தைப் பார்ப்பதற்கு முன்னாடி, மூக்கைக் கொண்டுபோய் நடுத்தையலில் வைத்து ஓர் இழு இழுங்கள். மை வாசனை! அச்சடித்து எத்தனையோ காலம் ஆன பிரதியிலும் அந்த வாசனை அப்படியே உட்கார்ந்திருக்கும். இப்போது கண்ணைத் திறங்கள். கன்னங்கரேல் என்று தாள். அதில் தகதகவென்று ஒரு மரம்.

'தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்.' சென்னையில் இருக்கிற தாரா புக்ஸ் 2006-இல் கொண்டுவந்த படப்புத்தகம். இதைக் கடையில் நின்றபடியே மோந்து பார்த்த ஆள் நான். திருவான்மியூர் குப்பம் கடற்கரைச் சாலையில் தாராவின் 'புக் பில்டிங்' இருக்கிறதே, அங்கேதான். பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் தன் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்து அந்தப் பக்கமாக நிறுத்திக்கொண்டார். எனக்கு வெட்கமாவது ஒன்றாவது! அடுத்த பக்கத்தையும் மோந்தேன். கல்லாவில் இருந்த பெண் மட்டும், "பரவாயில்ல சார், இங்க வர்றவங்க நிறையப் பேர் அப்படித்தான் செய்வாங்க" என்று சிரித்தார். அந்த ஒரு சொல்லில் என் இனம் எனக்குத் தெரிந்துபோயிற்று.

புத்தகத்தில் கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பக்கத்துக்கு ஒரு மரம், எதிரில் நாலைந்து வரி. அவ்வளவுதான். ஆனால் அடிப்படையில் கோண்டுப் பழங்குடியினரின் நம்பிக்கை ஒன்று இருக்கிறது பாருங்கள், அதைக் கேட்டதும் எனக்கு முதுகில் சிலிர்த்தது. பகல் முழுக்க மரத்துக்கு ஓயாத வேலையாம். நிழல் கொடுக்கவேண்டும், சாப்பாடு கொடுக்கவேண்டும், வந்தவர் போனவருக்கெல்லாம் தங்க இடம் கொடுக்கவேண்டும். ராத்திரி எல்லாரும் போய்ப் படுத்த பிறகுதான் மரம் தானாக இருக்கிறது. அப்போதுதான் அதன் உயிர் வெளியே வருகிறது. அதனால்தான் தாள் கறுப்பு. வெள்ளைத் தாளில் கறுப்பு வானம் அடித்து இருட்டு காட்டுகிற வேலையே இல்லை, தாளே ராத்திரி! நினைத்துப் பாருங்கள், அச்சடிப்பதற்கு முன்னாலேயே பாதிப் படம் அங்கே இருக்கிறது.

ஒரு பக்கத்தில் பாம்புகள். பூமியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருப்பது நாகதேவதை என்றால், மண்ணைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருக்கிற வேரும் அதே வேலையைத்தானே செய்கிறது? அப்புறம் வேருக்கும் பாம்புக்கும் என்ன வித்தியாசம் என்று அந்தப் படம் கேட்கிறது. நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அடிமரத்தில் வளைந்து போகிற கோடு எந்த இடத்தில் பாம்பாகிறது என்று பிடிபடவே இல்லை. பின்னாலிருந்து வந்தேன், நடுவிலிருந்து வந்தேன், ம்ஹூம். இன்னொரு பக்கம் மஹுவா மரத்துக்கு. நம் ஊர் இலுப்பைக்கு நெருங்கிய சொந்தம், அதன் பூவில்தான் மத்திய இந்தியக் காடுகளில் சாராயம் வடிக்கிறார்கள். குழந்தைகள் கையில் கொடுக்கிற புத்தகத்தில் குடிகார மரம்! எந்தப் பள்ளிக்கூடப் பாடநூல் குழு இதை விட்டிருக்கும், சொல்லுங்கள்? எனக்கு அங்கேயே ஒரு கும்பிடு போடத் தோன்றியது.

வரைந்தவர்கள் மூன்று பேர். பஜ்ஜு ஷ்யாம், துர்காபாய், ராம்சிங் உர்வேதி. மூவரும் மத்தியப் பிரதேசத்துக் கோண்டு ஓவியர்கள், பர்தான் என்கிற பாணர் குலத்தார். பஜ்ஜுவுக்கு ஊர் பாட்டன்கட். சாஜா மரத்தடியில் உட்கார்ந்து பானா என்கிற நரம்புக் கருவியை வாசித்துப் பெரிய தேவரைப் பாடி எழுப்புவது இவர்கள் குலத்தொழில். பாட்டு கேட்க ஆள் குறைந்துபோன காலத்தில் பாட்டெல்லாம் படமாகிவிட்டது என்று சொல்வார்கள். அப்படி ஆக்கியவர் பஜ்ஜுவின் சித்தப்பா முறைக்காரர் ஜங்கட் சிங் ஷ்யாம். 1980-களின் தொடக்கத்தில் போபால் பாரத் பவன் கலை மையத்திலிருந்து கிராமம் கிராமமாகக் கலைஞர்களைத் தேடிப்போன ஆட்கள், பாட்டன்கட் மண்சுவரில் ஜங்கட் வரைந்திருந்ததைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்களாம். அவர்களை அனுப்பிய ஓவியர் ஜே. சுவாமிநாதன் யார் தெரியுமோ? சிம்லாவில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை! இதைப் படித்த அன்றைக்கு ஏதோ நானே போய்ச் சுவரைக் கண்டுபிடித்த மாதிரி ஆபீஸில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒருத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. போகட்டும்.

துர்காபாய் சின்னப் பெண்ணாக இருந்தபோதே அம்மாவோடு சேர்ந்து வீட்டுச் சுவரிலும் தரையிலும் டிக்னா போடக் கற்றவர். விசேஷ நாட்களில் வீட்டை மெழுகிப் போடுகிற மங்கலக் கோலம் அது. அந்த விரல்தான் பிறகு காகிதத்துக்கு வந்தது. பஜ்ஜு பிழைப்புக்காகப் போபால் வந்து ராத்திரிக் காவல்காரராக, எலெக்ட்ரீஷியனாக வேலை பார்த்தவர். சித்தப்பாதான் கூப்பிட்டுத் தூரிகையைக் கையில் கொடுத்தார். இன்றைக்கு இருவரும் பத்மஸ்ரீ, பஜ்ஜுவுக்கு 2018, துர்காபாய்க்கு 2022. அந்தச் செய்தி வந்த காலையில் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு நான் கத்திய கத்தலில் மேல்வீட்டுக்காரர் என்னமோ ஏதோ என்று இறங்கி வந்துவிட்டார்.

இப்போது பூதக்கண்ணாடி எடுத்துக்கொள்ளுங்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன், வீட்டில் பஞ்சாங்கம் பார்க்க வைத்திருப்பார்களே, அது போதும். மான் ஒன்றின் வயிற்றில் வைத்துப் பாருங்கள். நிறத்தை யாரும் இழுத்துப் பூசவில்லை. முழுக்கப் புள்ளி, கோடு, பிறைபோல் வளைவு, சங்கிலிக் கண்ணிகள். ஒவ்வொரு கோண்டு ஓவியருக்கும் இந்த நிரப்பல் தனி, அதுதான் அவர்களுடைய கையெழுத்து. படத்தின் கீழே பெயர் போடத் தேவையே இல்லை. கொஞ்ச நாள் பழகினால் இது துர்காபாய் கை, இது ராம்சிங் கை என்று வயிற்றைப் பார்த்தே சொல்லிவிடலாம். நான் சொல்லுவேன்! வீட்டுக்கு வருகிறவர்களிடம் பெயரை மறைத்துக் காட்டி, என்னையே எனக்குப் பரீட்சை வைத்துக்கொண்டு, சரியாகச் சொன்னதும் கையைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். வருகிறவர்கள் காபியைக் குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த மானைப் பாருங்களேன் ஆனால், கொம்பு மேலே போகிறது, கிளைக்கிறது, இன்னும் கிளைக்கிறது, இலை விடுகிறது, இலையில் பறவை உட்காருகிறது, இது மானா மரமா என்று கேட்பதற்குள் கண் கீழே இறங்கி மறுபடி காலில் வந்து நிற்கிறது, நீங்கள் மூச்சு விடவே மறந்திருப்பீர்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியே தீரவேண்டும். குழந்தைப் புத்தகம் என்றால் உடனே பெரிய கண், உருண்டைக் கன்னம், சிரிக்கிற சூரியன் என்று குனிந்து குழைகிற படங்கள் இருக்கின்றன அல்லவா? இவர்கள் குனியவே இல்லை. குழந்தைக்கு என்று தனியாக ஒரு கோடுகூடப் போடவில்லை. தங்கள் கடவுளுக்கும் தங்கள் வீட்டுச் சுவருக்கும் எப்படி வரைவார்களோ அப்படியே வரைந்து நீட்டினார்கள். பிள்ளைகள் அதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொள்கின்றன. என் அக்கா பெண்ணிடம் பளபளவென்று ஒரு மூட்டை படப்புத்தகம் கிடக்கிறது, சிரிக்கிற சூரியனைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. இந்தப் பாம்பு மரத்துக்கு முன்னால் மட்டும் வாயைப் பிளந்து உட்கார்ந்திருக்கிறாள், நான் பக்கத்தைத் திருப்பப்போனால் கையில் அடி விழுகிறது.

சரி, அச்சகத்துக்கு வருவோம். இதற்காகத்தான் இவ்வளவு நேரம் பொறுத்திருந்தேன், இனி என்னைப் பிடிக்க முடியாது.

இந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கமும் எந்திரத்தில் ஓடியதில்லை. எல்லாம் கையால் அடித்த ஸ்கிரீன் பிரிண்டிங். நம் ஊரில் கல்யாணப் பத்திரிகைக்கும் மஞ்சள் பைக்கும் அடிப்பார்களே, அதே முறை. சென்னையிலேயே ஆறுமுகம் தலைமையில் நடக்கிற ஏ.எம்.எம். ஸ்கிரீன்ஸ் என்கிற பட்டறையில்தான் தாராவின் கையச்சுப் புத்தகங்கள் பிறக்கின்றன. அங்கே ஒருநாள் போய் நின்று பார்க்கிற பாக்கியம் எனக்கு வாய்த்தது. உள்ளே கால் வைத்ததும் அந்த வாசனை, புத்தகத்தில் துளித்துளியாக வருகிறதே, அது இங்கே வெள்ளமாக! தடதடக்கிற மெஷின் சத்தம் கிடையாது. மின்விசிறி, பேச்சு, நடுநடுவே சர்ர்ரக் என்று ஒரு இழுப்பு, அவ்வளவுதான். அந்தச் சர்ர்ரக்தான் விஷயமே! மெல்லிய வலைத்துணியைச் சட்டத்தில் இறுக்கிக் கட்டி, ஒளிபட்டால் இறுகிப்போகிற பசையைப் பூசி, படத்தின் ஃபிலிமை வைத்து வெளிச்சம் காட்டிவிட்டுத் தண்ணீரில் அலசினால், மை இறங்கவேண்டிய இடம் மட்டும் திறந்துகொள்ளும், மற்றதெல்லாம் அடைபட்டிருக்கும். அந்தச் சட்டத்தை மேஜைமேல் இருக்கிற தாளின்மீது இறக்கி, ஓரத்தில் மையைக் கொட்டி, ரப்பர்ப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்து, ஒரே அழுத்தம், ஒரே வேகம், நடுவில் நிற்கக் கூடாது, சர்ர்ரக்! சட்டத்தைத் தூக்குகிறார்கள். கறுப்புத் தாளில் ஒரு நிறம் குந்தியிருக்கிறது, ஈரத்தோடு மினுங்கிக்கொண்டு! நான் 'ஆ' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். இழுத்தவர் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அடுத்த தாள், மறுபடி சர்ர்ரக், மறுபடி என் 'ஆ'. அது ஒரு நிறம்தான் ஐயா! அந்தத் தாளைக் கம்பித் தட்டில் கிடத்திக் காயவிட்டு, கட்டு முழுக்க முடிந்த பிறகு, அடுத்த நிறத்துக்கு வேறு சட்டம், மறுபடி முதல் தாளிலிருந்து. இரண்டாவது நிறம் முதல் நிறத்தின்மேல் மயிரிழை பிசகாமல் உட்காரவேண்டும், பிசகினால் மானின் கண் காதுக்குப் போய்விடும். ஒரு தாளில் மூன்று நிறம் என்றால் மூன்று இழுப்பு, பின்பக்கத்துக்குத் தனி, புத்தகத்துக்கு எத்தனை தாள், ஆயிரம் பிரதி என்றால் எத்தனை இழுப்பு என்று நான் மனசுக்குள் பெருக்க ஆரம்பித்து, தலை சுற்றி, அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கறுப்புத் தாளில் வெளிர் நிறம் எடுக்கவேண்டும் என்றால் மை கெட்டியாக இருக்கவேண்டும், அதனால்தான் அது தாளுக்குள் இறங்காமல் மேலேயே படிந்து நிற்கிறது, அதனால்தான் உங்கள் விரலுக்கு அந்த மேடு தெரிந்தது! பக்கத்து அறையில் அடித்த தாள்களை மடித்து, ஊசி நூல் கோத்துக் கையாலேயே தைக்கிறார்கள். பிரதிக்குப் பிரதி எண் வேறு போடுகிறார்கள். ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது, ஒன்றில் பச்சை ஒரு பொட்டு அழுத்தம், இன்னொன்றில் ஓரத்தில் மை லேசாகத் தயங்கியிருக்கும். என்னிடம் இருக்கிற பிரதியில் ஒரு இலை விளிம்பில் அப்படி ஒரு தயக்கம் உண்டு. உலகத்தில் எனக்கு மட்டும் சொந்தமான தயக்கம் அது. எந்த ராஜாவாலும் வாங்க முடியாது!

அதோடு முடிந்ததா? சட்டத்தைச் சரிபார்க்க முதலில் சில தாள்களில் இழுத்துப் பார்ப்பார்கள் அல்லவா, ஒரே தாளில் மீன் படத்தின்மேல் மரப் படம், அதன்மேல் யானை என்று ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடக்கும் அந்தத் தாள்களைக்கூட இவர்கள் தூக்கி எறிவதில்லை. அதையே அட்டையாகப் போட்டு 'ஃப்ளூக்புக்' என்று குறிப்பேடு தைத்து விற்கிறார்கள். என் மேஜை இழுப்பறையில் அந்தக் குறிப்பேடுகள் ஒரு அடுக்கு இருக்கின்றன. ஒன்றிலும் எழுதியதில்லை. எழுத மனசு வருமா!

இந்தக் கையச்சு வழக்கம் எப்படித் தொடங்கியது தெரியுமா? 1994-இல் தாராவைத் தொடங்கிய கீதா உல்ஃப், வார்லி ஓவியப் பாணியில் இந்திரப்ரமித் ராய் படம் போட்ட 'தி வெரி ஹங்ரி லயன்' என்கிற கதையைக் கையால் அச்சடித்துப் ஃப்ராங்க்ஃபர்ட் புத்தகச் சந்தைக்கு எடுத்துக்கொண்டு போனார். சோம்பேறிச் சிங்கம் ஒன்று, பெயரே சிங்கம், வேட்டையாட அலுத்துப்போய்ச் சுலபமாக வயிற்றை நிரப்பக் கிளம்பி, குருவியிடமும் ஆட்டிடமும் ஏமாறுகிற கதை. வெளிநாட்டுப் பதிப்பாளர்கள் பார்த்தார்கள், இதேபோல் ஆயிரக்கணக்கில் வேண்டும் என்றார்கள். இதேபோல் என்றால் கையால்! நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் மயக்கம் போட்டிருப்பேன். இவர்கள் சென்னைக்கு வந்து அடித்துக் கொடுத்தார்கள். பட்டறை அப்படித்தான் நிலைத்தது. மரங்கள் புத்தகத்துக்கு 2008-இல் இத்தாலியின் பொலோன்யா குழந்தைப் புத்தகச் சந்தையில் நியூ ஹொரைசன்ஸ் விருது. 2017 கடைசியில் டோக்கியோவின் இதபாஷி கலைக்கூடத்தில் தாரா புத்தகங்களுக்கென்றே தனிக் கண்காட்சி. ஜப்பானியர்கள் இதை எப்படித் தொட்டுப் பார்த்திருப்பார்கள் என்று யோசிக்கும்போதே எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இப்போது மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள், லண்டன் போகிறோம்.

2002-இல் பஜ்ஜு ஷ்யாமை லண்டனுக்குக் கூப்பிட்டார்கள், இஸ்லிங்டனில் ஓர் இந்திய உணவகத்தின் சுவரில் படம் வரைய. இரண்டு மாதம். மனிதர் அதுவரை வெளிநாடு பார்த்ததில்லை, இங்கிலீஷும் தெரியாது. திரும்பி வந்தவரிடம் என்ன பார்த்தாய் என்று கேட்டால் வரைந்து காட்டினார், அதுதான் 2004-இல் வந்த 'தி லண்டன் ஜங்கிள் புக்'. நினைத்துப் பாருங்கள், அவ்வளவு கனமான விமானம் மேலே எழும்புகிறது, பஜ்ஜுவுக்கு அது யானை பறக்கிற சங்கதி. அவ்வளவுதான், இறக்கையோடு ஒரு யானை! பூமிக்கு அடியில் ஓடுகிற ரயில்? கோண்டுக் கதைகளில் பாதாளத்துக்கு அதிபதி மண்புழு, ஆகவே ரயில் மண்புழு. தினமும் வேலைக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து விடுகிற 30-ஆம் நம்பர் பஸ், நன்றியுள்ள நாய். பகலெல்லாம் காணாமல் இருந்து சாயங்காலம் மதுக்கடைக்குப் படையெடுக்கிற லண்டன்வாசிகள், வௌவால்கள்! நான் இந்தப் பக்கத்தில் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் பிக் பென் வரும்போது சிரிப்பு நின்றுவிடுகிறது. கோண்டு ஊரில் நேரம் சொல்வது சேவல். லண்டனில் நேரம் சொல்வது மணிக்கூண்டு. இரண்டையும் ஒரே உருவமாக்கி, கடிகார முகப்பையே சேவலின் கண்ணாக வைத்துவிட்டார் மனுஷன். அந்தக் கண் உங்களையே பார்க்கும். நீங்கள் எழுந்து குழாயடிக்குப் போனாலும் பார்க்கும்.

வெரியர் எல்வின் என்கிற ஆங்கிலேயர் பாட்டன்கட்டில் வந்து தங்கி, கோண்டு மக்களின் வாழ்வையும் வழக்கத்தையும் பக்கம் பக்கமாக எழுதியவர். அதே பாட்டன்கட்டிலிருந்து ஒருவர் கிளம்பிப்போய் ஆங்கிலேயர்களின் வாழ்வையும் வழக்கத்தையும் எழுதி வருகிறார், அதுவும் கிப்ளிங்கின் தலைப்பையே வாங்கிப் போட்டுக்கொண்டு! கிப்ளிங்கின் காட்டுக் கதை நடக்கிற சியோனியும் அந்த மத்தியப் பிரதேசத்துப் பக்கம்தான். பழிக்குப் பழி என்றால் இப்படி அழகாக இருக்கவேண்டும். இதைச் சொன்னால் நண்பர்கள் "ஆரம்பிச்சிட்டியா" என்கிறார்கள். ஆமாம், ஆரம்பித்துவிட்டேன், நிறுத்தப் போவதில்லை.

ஏனென்றால் இன்னும் ராம்சிங் உர்வேதியின் மயில் பாக்கி இருக்கிறது. 'ஐ ஸா எ பீகாக் வித் எ ஃபியரி டெயில்'. பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலப் புதிர்ப்பாட்டு ஒன்று, வரியை வரியாகப் படித்தால் பைத்தியக்காரத்தனமாக இருக்கும், நடுவில் வெட்டி அடுத்த வரியோடு சேர்த்துப் படித்தால் எல்லாம் நியாயமாகிவிடும். அந்த வித்தையைப் புத்தகத்தில் எப்படிக் காட்டுவது? தாளில் துளை போட்டுவிட்டார்கள்! வடிவமைத்த பிரேசில்காரர் ஜோனதன் யமகாமியின் கையை எங்காவது பார்த்தால் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். துளை வழியே அடுத்த பக்கத்துச் சொல் எட்டிப் பார்க்கிறது, திருப்பினால் அதே துளை முந்தின பக்கத்துப் படத்தில் வேறு ஏதோவாக ஆகியிருக்கிறது. கறுப்பு வெள்ளை மட்டும்தான். நிறமில்லாமலே மயில் பற்றி எரிகிறது!

சுனிதாவின் 'காபில் யூ அப்!' பார்த்திருக்கிறீர்களா? ராஜஸ்தானத்து மீனா சமூகத்துப் பெண். அங்கே பெண்கள் மாண்டணாக் கோலம் போடுவது விரலால், சாயத்தில் நனைத்த துணியைக் கைக்குள் பிடித்துப் பிழிந்து விரல் வழியே வடியவிட்டு, மண்சுவரில். புத்தகத்தில் ஒரு நரி வருகிறவரையெல்லாம் முழுங்கிக்கொண்டே போகிறது, பக்கம் திருப்பத் திருப்ப அதன் வயிற்றுக்குள் எல்லாரும் முழுசாக உட்கார்ந்திருக்கிறார்கள், நெரிசலாக, கண்ணை உருட்டிக்கொண்டு. பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய விருந்து ஏது? பழுப்புத் தாள், மண்சுவரேதான். வங்காளத்துப் பட்டுவா ஓவியர்கள் மொய்னா, ஜொய்தேவ் சித்ரகார் செய்த 'சுனாமி' வேறு மாதிரி. அவர்கள் சுருளை விரித்துக்கொண்டே பாடுகிறவர்கள், ஆகவே புத்தகமும் நீளச் சுருளாக மடிப்பு மடிப்பாக இறங்கிக்கொண்டே வருகிறது. 2004 டிசம்பர் நம் கரைக்கு என்ன செய்தது என்று நமக்குத் தெரியும். அதைத் தரையில் விரித்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நான் எதுவும் பேசவில்லை. என்னைப் பொறுத்தவரை அது பெரிய விஷயம்.

குறையே இல்லையா என்றால், விலை கொஞ்சம் கூடத்தான். பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதும் ஒரு சங்கடம், ஆனால் பிள்ளைக்கு நாம் தமிழில் சொல்லிக்கொண்டு போனால் தீர்ந்தது. எதிர்ப்பக்கத்தில் நாலு வரிதானே, நான் அதை நாற்பது வரியாக்கி, இல்லாத பேயையும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். விலையைப் பற்றிப் பேசுகிறவர்களை அந்தப் பட்டறை ஸ்டூலில் அரைமணி உட்காரவைக்கவேண்டும். சர்ர்ரக், சர்ர்ரக் என்று கேட்டுவிட்டு, எழுந்து தாமாகவே பர்ஸைத் திறப்பார்கள்.

சின்னப் பிள்ளை வீட்டில் இருக்கிறதா? துர்காபாய் வரைந்த 'ஒன், டூ, ட்ரீ!' வாங்குங்கள். எண் சொல்லிக் கொடுக்கிற புத்தகம், எறும்பில் தொடங்கி யானை வரைக்கும் ஒவ்வொன்றாக மரத்தில் ஏறிக்கொண்டே இருக்கும், மரமும் சலிக்காமல் இடம் கொடுத்துக்கொண்டே இருக்கும். என் அக்கா பெண் அதில்தான் எண்ணக் கற்றாள். இப்போது வளர்ந்துவிட்டாள், லண்டன் ஜங்கிள் புக்கை மனப்பாடமாக வைத்திருக்கிறாள், அதனால்தான் எங்கள் வீட்டில் இப்போது சண்டை. போன ஞாயிற்றுக்கிழமை திடீரென்று கேட்டாள், "மாமா, பஜ்ஜு ஷ்யாம் மெட்ராஸ் வந்தா பறக்கும் ரயிலை என்னவா வரைவாரு?"

ஐயோ, என்ன கேள்வி! எனக்கு உட்கார முடியவில்லை. "கொக்கு!" என்றேன். "தூண்மேல நிக்குதில்ல, ஒத்தக் கால்ல."

"கொக்குக்கு அவ்வளவு நீளம் ஏது? மரவட்டை மாமா. தூணெல்லாம் அதோட காலு."

தோற்றேன். சந்தோஷமாகத் தோற்றேன். அக்கா அடுப்படியிலிருந்து, "ரெண்டு பேரும் சாப்பிட வர்றீங்களா இல்லையா" என்று கத்திக்கொண்டிருக்கிறாள், யார் காதில் விழுகிறது? சென்ட்ரல் ஸ்டேஷன் மணிக்கூண்டு என்ன என்று நான் கேட்டேன். சேவல் சொல்லக் கூடாது, அது லண்டனுக்குப் போயாயிற்று. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை அவள். பல்லியாம்! சுவரில் ஒட்டிக்கொண்டு உயரத்திலிருந்து சொல்வது பல்லிதானே, அது உச்சுக் கொட்டினால் பாட்டி கிளம்பின கால் நின்றுவிடுகிறதே, ரயிலுக்குப் போகிறவர்களையும் இது அப்படித்தானே ஆட்டிவைக்கிறது என்கிறாள். எனக்கு எழுந்து குதிக்கவேண்டும்போல் இருந்தது, குதித்தேன். தண்ணீர் லாரியில்தான் வந்து முட்டிக்கொண்டது. நான் யானை என்றேன். யானை ஏற்கெனவே விமானமாகிவிட்டதாம், ஒருத்தர் எடுத்ததை நாம் எடுக்கக் கூடாதாம், இது எருமையாம், தெருவை அடைத்துக்கொண்டு நின்றால் யார் ஹாரன் அடித்தாலும் நகராதாம். இன்றைக்குச் சாயங்காலம் வரைந்து முடித்து, உடம்பு முழுக்கப் புள்ளி வைக்கிற வேலையை என் தலையில் கட்டிவிட்டாள், புள்ளி ஒன்றுபோல் இல்லை என்று திட்டு வேறு. நடுவில் பென்சிலை நிறுத்தி, "மாமா, எருமை வயித்துக்குள்ள மீன் வரையலாமா?" என்று கேட்டாள்.

வரை, எத்தனை வேண்டுமானாலும் வரை என்று சொல்லிவிட்டேன். தண்ணீர் லாரியாச்சே!